பார்த்ததற்குக் கூலி

நானூறு ரூபாயில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் வேனின் முன் சக்கரங்களுக்குப் பேரிங் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் காட்டினார். பேரிங் 3,850 ரூபாய். கிரீஸ் 280. லேபர் 1,200. பேரிங் விலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது டப்பாவிலேயே அச்சடித்திருக்கிற விலை. அச்சடித்ததோடு யார் மல்லுக்கட்டுவது? கிரீஸ் டப்பாவுக்கும் அதே மரியாதை. மூன்றாவது வரிக்கு வந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னங்க, ஒரு மணி நேர வேலைக்கு ஆயிரத்து இருநூறா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் காத்துக்கொண்டிருந்த அடுத்த வண்டியைப் பார்த்தார். "சரி, எண்ணூறு குடுங்க சார்" என்றார்.

நானூறு ரூபாய் மிச்சம். ஏதோ சாதித்துவிட்ட தோரணையில் எதிர்த்த பேக்கரிக்குப் போய் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்த நானூறு ரூபாய்க்கு எதிராக எழுதப்படுகிறது. அதை மிச்சம் பிடித்த எனக்கு எதிராக, என்னைப் போல மிச்சம் பிடிக்கிற எல்லாருக்கும் எதிராக. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது அந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

*

முதலில் வேன். 2006 மாடல் டெம்போ டிராவலர். முந்தைய பிறவியில் பழநிக்கும் சபரிமலைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய டூரிஸ்ட் வண்டி. நான் வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, பாட்டரி, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து கேம்பர் வேன் ஆக்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் அதை மாற்றி வாங்கியது தனிக் காவியம், இன்னொரு நாள் பாடுகிறேன். பழைய டப்பா என்று சிரிக்காதீர்கள். மெர்சிடிஸ் பென்ஸ் 1977இல் ஜெர்மனியில் கொண்டுவந்த டி1 வேனின் வம்சம் இது. 1980களின் பிற்பகுதியில் பஜாஜ் டெம்போ அதை இங்கே செய்ய ஆரம்பித்தது. ஐரோப்பாவில் அந்த டி1 வேன்களைக் கட்டிலும் அடுப்பும் வைத்து இன்றைக்கும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அதன் சொந்தக்காரன் கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போகிறான்.

இன்ஸ்டாகிராமில் கேம்பர் வேன் என்றால் ஒரே படம்தான். பின்கதவு திறந்திருக்கும். வெளியே மலை அல்லது கடல். உள்ளே வெள்ளைப் போர்வை, அதன் மேல் நீட்டிய இரண்டு கால்கள், கையில் காபி. நானும் அப்படிப் படம் போட்டவன்தான். அந்தப் படத்துக்குள் சக்கரம் மட்டும் வரவே வராது.

சக்கரம் தன்னை வேறு விதமாக அறிமுகப்படுத்திக்கொண்டது. வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆழியாறு தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் அறுபதில் போய்க்கொண்டிருந்தோம். ஊ... என்று ஒரு முனகல். தள்ளி எங்கேயோ மாவு மில் ஓடுகிற மாதிரி.

"ஏதோ சத்தம் கேக்குதுல்ல?" என்றாள் மனைவி.

"டயர்தான். ரோடு அப்படி" என்றேன்.

அவள் விடவில்லை. நியூட்ரலில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். என்ஜின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. வேகம் குறையக் குறைய முனகலும் தணிந்தது. ரோடு இடது பக்கம் வளையும்போது சத்தம் கூடியது, வலது பக்கம் வளையும்போது குறைந்தது. அதாவது கோளாறு வலது சக்கரத்தில். இடது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலது பக்கம் சாயும், பாரம் ஏறுகிற பேரிங்தான் கத்தும். இதை இப்போது எழுதும்போது அழகாக இருக்கிறது. அன்றைக்கு இதில் ஒரு வரி கூட எனக்குத் தெரியாது. அவள் வணிகவியல் படித்தவள். நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவன். வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

*

நான்கு வருடம் படித்ததில் பேரிங் வராமல் இல்லை. வந்தது. பதினாறு மார்க் கேள்வியாக வந்தது. பரீட்சை ஹாலுக்குள் பி.எஸ்.ஜி. டேட்டா புக்கை எடுத்துக்கொண்டு போகலாம். பாரம் இவ்வளவு, சுற்று இவ்வளவு, எந்தப் பேரிங் என்று அட்டவணையில் விரலை ஓட்டிக் கண்டுபிடித்தால் மார்க். கண்டுபிடித்தேன், மார்க் வாங்கினேன். பேரிங்கைக் கையால் தொட்டதில்லை. முதல் வருடம் ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி 'வி' வடிவத்தில் பொருத்த வேண்டும். என் கை கொப்பளித்ததும் லேப் அண்ணன் ஒருவர் பரிதாபப்பட்டு முடித்துக் கொடுத்தார். அதற்கும் மார்க் எனக்குத்தான் விழுந்தது. பிறகு எங்கள் வகுப்பில் பாதிப் பேரைப் போல நானும் மென்பொருளுக்குப் போனேன்.

அந்த டேட்டா புக் சொல்கிற ஒரு விஷயம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பேரிங்கின் ஆயுளை எல்10 என்று குறிப்பார்கள். ஒரே மாதிரியான நூறு பேரிங்குகளை ஒரே பாரத்தில் ஓட்டினால், அதில் தொண்ணூறு தாண்டிவிடும் என்று எதிர்பார்க்கிற சுற்றுகளின் எண்ணிக்கை அது. அப்படியென்றால் மீதி பத்து அதற்கு முன்னாலேயே போய்விடலாம் என்று அந்தக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. எந்தப் பத்து என்று மட்டும் கணக்குச் சொல்லாது. அதை யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உருளை பேரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். பாரம் கால்பங்கு கூடினாலே ஆயுள் பாதியாகும். நான் தண்ணீர் டேங்க்கை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன், அங்கேதான் இடம் இருந்தது. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. எந்த ஊரிலும் இறங்காத ஒரு கனத்த பயணியை வலது பக்கத்திலேயே உட்கார வைத்து மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். பதினாறு மார்க் வாங்கியவன்!

என் வேனின் முன் சக்கரத்தில் இருப்பது டேப்பர் பேரிங். உள்ளே கோன், வெளியே கப், நடுவில் சாய்ந்து நிற்கிற கூம்பு உருளைகள். 1898இல் ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்தவர். வண்டி நேராகப் போகும்போது பாரம் மேலிருந்து அழுத்துகிறது, திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இரண்டையும் தாங்க அவர் உருளைகளைச் சாய்த்து வைத்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்பக்கம் பெரியது ஒன்று, வெளிப்பக்கம் சின்னது ஒன்று, எதிரெதிராக.

இந்த வகையில் ஒரு சங்கடம் உண்டு. மாட்டினால் மட்டும் போதாது, ஆட்டத்தைச் சரிபண்ண வேண்டும். நட்டை அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறி எரிந்துபோகும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும், உருளைகள் அடிவாங்கும். இருக்க வேண்டிய ஆட்டம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அதை உணர்கிற கைக்குத்தான் நான் நானூறு குறைத்தேன்.

*

நான்கு மாதம் கழித்துக் கொல்லிமலை போனோம். இறங்கும்போது எழுபது வளைவுகள். கட்டிலில் ஆறு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில், காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தியபோது கருகின வாடை வந்தது. பிரேக் சூடு என்றுதான் முதலில் நினைத்தேன். மலை இறங்கினால் எந்தச் சக்கரமும் சுடும். இடது சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தேன், சுட்டது, ஆனால் தாங்க முடிந்தது. வலது பக்கம் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் கறுப்பாக வழிந்திருந்தது. ஜாக் போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டொக் டொக் என்று ஆடியது.

எழுபது வளைவுகளிலும் அது அப்படித்தான் ஆடிக்கொண்டு வந்திருக்கிறது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. போய் மகளை எழுப்பிக் கீழே இறக்கிக்கொண்டாள்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி நாமக்கல் போனோம். லாரிகளின் ஊர். அங்கே ஒரு பட்டறை. அறுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், கூட வேலை கற்றுக்கொள்கிற இரண்டு பையன்கள். நான் போனதும் போகாததுமாக "பேரிங் மாத்தணுங்கண்ணா" என்றேன்.

"இருங்க தம்பி, முதல்ல பாக்கோணும்" என்றார்.

அவர் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் ஸ்பேனரையே எடுக்கவில்லை. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினார். என்னை உள்ளே ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில், நிற்காவிட்டால் கிங் பின்னில் என்றார். நின்றது. பிறகு இடமும் வலமும் ஆட்டினார், அது ஸ்டியரிங் பக்கத்துக்கு. பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு கையைப் பட்டைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் டாக்டர் அதற்கு ஃபீஸ் வாங்குவார்.

பிறகு நல்லாயிருந்த இடது பக்கத்துக்கும் இதையெல்லாம் முதலிலிருந்து செய்தார். "அதுல ஒண்ணும் சத்தம் இல்லீங்களே" என்றேன். "நல்லது எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தானுங்க கெட்டது தெரியும்" என்றார்.

கழற்றினார்கள். டஸ்ட் கேப், காட்டர் பின், நட்டு, வாஷர், வெளி பேரிங், ஹப், சீல், உள் பேரிங். எல்லாவற்றையும் கழற்றின வரிசையிலேயே சாக்கின் மேல் அடுக்கினார். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினார். நான் உதவி செய்கிறேன் என்று காற்றுக் குழாயை எடுத்து அதைச் சுற்றிவிடப் போனேன். வெடுக்கென்று பிடுங்கினார். "காத்துல சுத்த விடாதீங்க தம்பி. செதறுனா கண்ணு போயிரும்."

பிறகு வாசித்தார். வேறு சொல் இல்லை, வாசித்தார். "இதுக்கு முன்னாடி யாருங்க கழட்டுனது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஒவ்வொன்றாகக் காட்டினார். கப்பை உளி வைத்து அடித்து இறக்கியிருக்கிறார்கள், ஓரத்தில் வெட்டு. கப் உட்கார்கிற இடத்தில் பழைய பிசிறைச் சுத்தம் செய்யவில்லை, அதனால் கப் முழுதாக உட்காராமல் நின்றிருக்கிறது. ஓட ஓட உள்ளே நகர்ந்திருக்கிறது, அந்த அளவுக்கு ஆட்டம் கூடியிருக்கிறது. சீல் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், உதடு வெடித்திருந்தது. காட்டர் பின்னும் பழையது, ஒரு கால் முறிந்திருந்தது. கோனில் சூட்டின் நீலம். கப்பில் தோல் உரிந்த மாதிரிப் பொரிந்த குழிகள்.

நான்கு குறைகளையும் கூட்டிப் பாருங்கள். பிசிறைத் தேய்த்துச் சுத்தம் செய்யக் கால் மணி நேரம். பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, ஒலி மாறும்வரை கப்பை இறக்கப் பத்து நிமிடம். புது சீல் போட ஐந்து நிமிடம், நட்டை நிதானமாகச் சரிபண்ணி புது பின் போட இன்னொரு பதினைந்து. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் நானூறு ரூபாய்க்கு விற்றிருக்கிறேன்.

*

"உன் மெக்கானிக் ஏமாற்றிவிட்டான்" என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் கணக்கு இடிக்கிறது. அவர் எனக்குப் போலி பேரிங் போடவில்லை. நான் எதற்குக் காசு கொடுத்தேனோ அது வந்து சேர்ந்தது, டப்பாவோடு. நான் காசு கொடுக்காதது வரவில்லை. அது கவனம்.

நானூறு குறைக்காமல் இருந்தால் அவர் ஒழுங்காகச் செய்திருப்பாரா? நியாயமான கேள்வி. ஒருவேளை செய்திருக்க மாட்டார். அவர் இருபது வருடமாக என்னைப் போன்றவர்களைப் பார்த்து வந்திருப்பவர். மெதுவாகச் செய்தால் கூடுதலாக ஒரு ரூபாய் கிடைக்காது, அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான் என்று அத்தனை வருடமும் நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவர் நல்ல மாணவர். படித்துக்கொண்டார்.

நம் பில்லைப் பாருங்கள். பொருளுக்கு விலை உண்டு, கழற்றி மாட்டுவதற்குக் கொஞ்சம் கூலி உண்டு. பார்ப்பதற்கு வரியே கிடையாது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல, நல்லாயிருக்கு" என்று சொல்கிற மெக்கானிக்குக் கிடைப்பது ஒரு டீ. பார்க்காமலே "ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்கிறவருக்குக் கூலியும் உண்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொஞ்சம் கமிஷனும் உண்டு. இப்படி வைத்துக்கொண்டு, மெக்கானிக் எல்லாம் தேவையில்லாமல் பார்ட்ஸ் மாற்றுகிறான் என்று புலம்புகிறோம். உண்மையைச் சொல்ல நாம் காசு தருவதில்லை. மாற்றத்தான் தருகிறோம். அவர்கள் மாற்றுகிறார்கள்.

இப்போது என் வேலைக்கு வாருங்கள். போன மாதம் இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து கோடு படித்தேன். லாக் பார்த்தேன், வரைந்து பார்த்தேன், மூன்று பேரோடு பேசினேன். கடைசியில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஒரு வரிக்கு இரண்டு நாள் சம்பளமா என்று யாரும் கேட்கவில்லை. "குட் கேட்ச்" என்று பாராட்டு வந்தது. எனக்கு ஏ.சி. அறையில் பார்ப்பதற்குச் சம்பளம். நான் பார்க்காமல் விட்டால் ஒரு பக்கம் மெதுவாகத் திறக்கும். அவர் பார்க்காமல் விட்டால் எழுபதாவது வளைவில் சக்கரம் கழன்று போகும். யார் பார்ப்பதற்கு விலை, யார் பார்ப்பதற்கு டீ என்று யார் முடிவு செய்தது?

நமக்கு விடை தெரியும். சொல்ல மாட்டோம். கை கறுப்பாகிற வேலையில் அறிவு இருக்கும் என்பதை நம் ஊர் மனசு ஒத்துக்கொள்வதில்லை. அழுக்குப் படுகிற வேலை யாருடையது என்று முன்னமே பிறப்பை வைத்துப் பிரித்து வைத்த சமூகம் இது. அதே கண்ணால்தான் இன்றைக்கும் பட்டறையைப் பார்க்கிறோம். அங்கே நடப்பது அறிவு என்று ஒத்துக்கொண்டால் அறிவுக்குரிய கூலி தர வேண்டி வரும். அதனால் அதற்கு 'அனுபவம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். 'கைராசி' என்கிறோம். எதற்கும் ரசீது தேவைப்படாத சொற்கள்.

உருவம் சிறியதென்று இகழாதே, தேருக்கு அச்சாணி போன்றவர்களும் உண்டு என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் யார்? நானும் ஒப்பித்து மார்க் வாங்கினேன். நாமக்கல்லில் அந்த முறிந்த காட்டர் பின்னைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது, இதுதான் அந்த அச்சாணி. அச்சின் முனையில் நின்று சக்கரம் கழலாமல் காப்பது. சில ரூபாய்ப் பொருள். வள்ளுவர் சொன்னதை நாம் ஆணியைப் பற்றி என்று எடுத்துக்கொண்டோம். ஆட்களைப் பற்றி என்று எடுத்துக்கொள்ளவே இல்லை.

*

எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

ஒன்று: "நீயே செய்ய வேண்டியதுதானே? யூடியூபில் எல்லாம் இருக்கிறது." செய்தேன். அடுத்த முறை இடது பக்கத்தை நானே கழற்றி, கழுவி, கிரீஸ் போட்டேன். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே புழு மாதிரி வெளியே வரும்வரை அடைக்க வேண்டும். சுகமான வேலை. ஒரு முழுச் சனிக்கிழமை போனது. அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஒரு தத்துவம் கட்டுகிறவர்களோடுதான் என் சண்டை. படித்தவன் பட்டறைக்குப் போய்த் தன் ஆன்மாவைக் கண்டடைந்தான் என்று எழுதுகிற வகை ஒன்று இருக்கிறது. உலகமெங்கும் விற்கிறது, தமிழிலும் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெரியவர் ஆன்மாவைத் தேடிப் பட்டறை வைக்கவில்லை. வாடகை கட்ட வைத்திருக்கிறார். என் சனிக்கிழமை மகிழ்ச்சி அவருடைய திங்கட்கிழமைக் கூலியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சில சமயம், நானே செய்துகொள்கிறேன் என்பது அந்த நானூறு ரூபாய்ப் பேரத்தின் இன்னொரு வேஷம்தான்.

இரண்டு: "புது வண்டிகளில் இந்தத் தொல்லையே இல்லை." உண்மை. இன்றைய கார்களில் பெரும்பாலும் பேரிங்கும் ஹப்பும் ஒரே கட்டாக, மூடி முத்திரை வைத்து வருகிறது. கிரீஸ் போட வேண்டாம், ஆட்டம் பார்க்க வேண்டாம். போனால் அப்படியே கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். அது மோசம் என்று சொல்ல மாட்டேன். தப்பாக இறுக்குகிற கைக்கு அங்கே இடமில்லை. ஆனால் அதுவும் ஒருநாள் முனகும். எந்தச் சக்கரம் என்று அப்போதும் ஒரு காது கண்டுபிடிக்க வேண்டும். தவறாகக் கேட்டால் நல்ல கட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கெட்டதோடு வீட்டுக்குப் போவீர்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்ட காலத்திலிருந்து இன்றுவரை பொருள் மாறியிருக்கிறது. கேட்கிற காது மாறவில்லை.

மூன்று: "எல்லா மெக்கானிக்கும் அந்தப் பெரியவர் மாதிரி இருப்பாரா?" இருக்க மாட்டார். எல்லா மென்பொருள் எழுதுகிறவனும் யோக்கியனா? ஆனாலும் எங்கள் தொழிலில் பார்க்கிற நேரத்துக்கு விலை இருக்கிறது, அதனால் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. நாமக்கல் பட்டறையில் இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் அவர் கண்ணை மூடிச் சக்கரத்தைக் கேட்டபோது கூடவே நின்று கவனித்தான். இன்னொருவன் வேகமாகக் கழற்றப் பழகிக்கொண்டிருந்தான். இருவரில் யார் நாளைக்குப் பிழைப்பான் என்று முடிவு செய்வது நாம்தான், நம் பில்லின் மூன்றாவது வரியால்.

*

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. பேரம் பேசியே ஆக வேண்டும் என்று கை அரித்தால் பேரிங் விலையில் பேசுங்கள். லேபரில் பேசாதீர்கள். பட்டறைக்குப் போனால் "மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். "பாருங்க, பாக்குறதுக்கு எவ்வளவுன்னு முதல்லயே சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால் அதற்கும் அதே காசைக் கொடுங்கள், ஏனென்றால் நீங்கள் வாங்க வந்ததே அந்தப் பதிலைத்தான். கழற்றின பழைய பொருளைக் கையில் வாங்கி, எதனால் போனது என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி ஒரு மரியாதை. தெரியாதவருக்கு ஒரு நெருக்கடி.

என் வலது பேரிங்குக்குப் பிறகு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் கப், கோன், சீல், பின் எல்லாம் புதிதாகப் போட்டார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினார், பிறகு தளர்த்தினார், பிறகு விரலால் மட்டும் திருகினார். நட்டுக்குப் பின்னால் இருக்கிற வாஷரை ஸ்குரூ டிரைவர் நுனியால் தள்ளிப் பார்த்தார். லேசாகத் தள்ளினால் நகர வேண்டும், தானாக ஆடக் கூடாது. காட்டர் பின் ஓட்டைக்கு நேராக வராதபோது நட்டைத் தளர்த்தித்தான் நேராக்கினார், இறுக்கி அல்ல. தண்ணீர் டேங்க்கை நடுவுக்கு மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, எந்தச் சத்தமும் இல்லாதபோது, வேனை எடுத்துக்கொண்டு மறுபடி நாமக்கல் போனேன். "என்னங்க தம்பி ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். ஆனால் பார்த்தார். நான்கு சக்கரத்தையும் தூக்கி, ஆட்டி, சுற்றி, கண்ணை மூடிக் கேட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க தம்பி. நல்லாயிருக்கு. கெளம்புங்க."

"எவ்வளவுங்கண்ணா?"

"பாத்ததுக்கு எதுக்குங்க காசு?"

அவரும் அதையே சொன்னார். நாற்பது வருடம் கேட்டுக் கேட்டு அவருக்கும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு விடாமல் வாதாடினேன். பையன்கள் சிரித்தார்கள். இந்த வாதத்தில் பேரம் நேரெதிராக நடந்தது, நான் ஏற்ற ஏற்ற அவர் இறக்கினார். ஐந்நூறில் நின்றோம். பில் போட்டுக் கொடுங்கள் என்றேன். பில் புத்தகத்தை எடுத்தார். ஸ்பேர் என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. லேபர் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "என்னன்னுங்க எழுதறது?" என்று என்னையே கேட்டார். நீங்களே எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

'பார்த்தது - 500' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.